கம்ப்யூட்டருக்கும் கதவு எண் உண்டு: சொந்த கிளவுட் வைக்க விரும்பும் வணிகர்கள் முதலில் செய்ய வேண்டியது

சென்னை நகரில் ஒரே கட்டடத்திற்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று என்று இரண்டு கதவு எண்கள் இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். புதிதாக வரும் லாரி டிரைவர் பழைய எண்ணைத் தேடிக்கொண்டு தெருவை மூன்று முறை சுற்றுவார். சரக்கு இறங்குவதற்குள் கடை மூடும் நேரம் வந்துவிடும். சரக்கில் குறையில்லை, லாரியில் குறையில்லை, கடையிலும் குறையில்லை. முகவரியில் மட்டுமே குறை. ஆனால் நஷ்டம் நஷ்டம்தான்.

நம் கடைகளில் உள்ள கம்ப்யூட்டர், பில் பிரிண்டர், எடை மெஷின், சி.சி.டி.வி. கேமரா ஆகியவற்றுக்கும் இதே போன்ற முகவரி உண்டு. அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். பெரும்பாலான வணிகர்கள் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. "பையன் வந்து போட்டுவிட்டுப் போனான், ஓடுகிறது" என்பதோடு விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை எங்கள் கடையில் பில் பிரிண்டர் தகராறு செய்தது. ஒரு பில் வரும், அடுத்த இரண்டு வராது. கவுண்டரில் கூட்டம் நிற்கிறது. பிரிண்டரை அணைத்துப் போட்டோம், வயரைக் கழற்றி மாட்டினோம், பேப்பர் ரோலை மாற்றினோம். பயனில்லை. இரண்டு மணி நேரம் கையால் பில் எழுதினோம். பிறகு வந்து பார்த்தவர் காரணத்தை ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். அன்று மதியம்தான் புதிய கேமராவுக்குப் பதிவுப் பெட்டி பொருத்தியிருந்தோம். அதைப் பொருத்தியவர், பிரிண்டருக்கு ஏற்கெனவே இருந்த அதே எண்ணை அந்தப் பெட்டிக்கும் கொடுத்துவிட்டார். ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடுகள் இருந்தால் தபால்காரர் ஒரு நாள் இங்கும் ஒரு நாள் அங்கும் கடிதத்தைப் போடுவது போல, பில் பாதி பிரிண்டருக்கும் பாதி கேமராப் பெட்டிக்கும் போய்க்கொண்டிருந்தது. எந்தெந்த எண் எதற்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதிய ஒரு தாள் கடையில் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது.

இன்று நம் சங்கத்தைச் சேர்ந்த மொத்த வியாபாரிகள் சிலர், இரண்டு மூன்று கிளைகளின் கணக்கையும் இருப்பையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள "சொந்த கிளவுட்" அமைக்க விரும்புகிறார்கள். அப்படிச் செய்யும்போது இந்த முகவரி விஷயம் பத்து மடங்கு முக்கியமாகிறது. ஆகவே இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முகவரியின் அமைப்பு

ஐ.பி. முகவரி என்பது புள்ளியால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். உதாரணமாக 192.168.1.50 என்பது ஒரு முகவரி. இந்த முறையின் தரநிலை 1981-இல் வெளியானது.

இதைப் புரிந்துகொள்ள நமது தபால் பின்கோடே போதும். 1972 ஆகஸ்ட் 15 முதல் நம் நாட்டில் ஆறு இலக்கப் பின்கோடு நடைமுறையில் இருக்கிறது. அம்பத்தூர் 600053, ஆவடி 600054, பூந்தமல்லி 600056. முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்ததும் சென்னை என்று தெரிகிறது. கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தால் எந்த அஞ்சலகம் என்று தெரிகிறது. முன்பகுதி ஊர், பின்பகுதி இடம்.

ஐ.பி. முகவரியிலும் முன்பகுதி ஊர், பின்பகுதி வீடு. எதுவரை ஊர், எங்கிருந்து வீடு என்பதைச் சொல்வதற்காக 255.255.255.0 என்று இன்னொரு எண்ணையும் கம்ப்யூட்டரில் போடுவார்கள். இதற்கு மாஸ்க் என்று பெயர். 255 உள்ள இடமெல்லாம் ஊர். 0 உள்ள இடம் வீடு. அதாவது 192.168.1 என்பது ஊர். 50 என்பது வீடு. இப்படிப்பட்ட ஓர் ஊரில் 0 முதல் 255 வரை 256 எண்கள் உண்டு. முதல் எண் ஊரின் பெயராகவும், கடைசி எண் ஊர் முழுவதற்கும் தண்டோரா போடுவதற்காகவும் ஒதுக்கப்பட்டிருப்பதால், மீதமுள்ள 254 எண்களையே நாம் பயன்படுத்தலாம்.

ஒரே ஊருக்குள் உள்ள கம்ப்யூட்டர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். வேறு ஊருக்குப் போக வேண்டுமானால் ஊர் வாசலில் உள்ள ரவுட்டரிடம் கொடுக்க வேண்டும். அந்த ரவுட்டரின் எண்ணுக்கு கேட்வே என்று பெயர். முகவரி, மாஸ்க், கேட்வே என்ற இந்த மூன்றும் சரியாக இருந்தால் வேலை பாதி முடிந்தது.

கடைக்குள் வேறு எண், வெளியே வேறு எண்

நான்கு எண் முறையில் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள்தான் கிடைக்கும். நம் நாட்டில் பொதுமக்களுக்கான இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் தொடங்கியது. அந்த நாளில் இந்த எண்ணிக்கை ஏராளமாகத் தோன்றியது. பிறகு ஆளுக்கொரு போன், வீட்டுக்கொரு டி.வி. என்று எல்லாமே முகவரி கேட்கத் தொடங்கின. உலக அளவில் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிட்டு முடிந்தது. ஆசியப் பகுதிக்கான கையிருப்பும் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசிப் பங்கைத் தொட்டது.

இப்படி நேரும் என்பதை முன்பே உணர்ந்து, 1990-களில் மூன்று தொகுதி எண்களை "உள் உபயோகத்திற்கு மட்டும்" என்று ஒதுக்கி வைத்தார்கள். அவை:

10 என்று தொடங்கும் எண்கள் அனைத்தும்;
172.16 முதல் 172.31 வரை தொடங்கும் எண்கள்;
192.168 என்று தொடங்கும் எண்கள்.

இவற்றை யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் தன் கட்டடத்திற்குள் பயன்படுத்தலாம். அம்பத்தூரில் ஒரு கடையிலும் திருவேற்காட்டில் ஒரு கடையிலும் 192.168.1.50 இருக்கலாம். ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடத்திலும் "பிளாட் எண் 3" இருப்பதைப் போன்றது இது. வெளியே போகும்போது, கடைக்கு இணைப்புத் தரும் கம்பெனி கொடுத்த ஒரே வெளி எண்ணை ரவுட்டர் முன்னால் போட்டு அனுப்பும். ஓர் அலுவலகத்திற்கு ஒரே டெலிபோன் நம்பர், உள்ளே பத்து எக்ஸ்டென்ஷன் என்பது போன்ற ஏற்பாடுதான் இது.

கிளவுட் யாருக்கு வேண்டும்?

கிளவுட் என்றால் ஏதோ ஆகாயத்தில் இருப்பதல்ல. வேறு ஒருவருடைய கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுப்பதே கிளவுட். அந்தக் கட்டடங்களில் சில நமது ஊரிலேயே இருக்கின்றன. 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு காலத்தில் லேத் பட்டறைகளும் ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலைகளுமே தெரிந்தன. இன்று அம்பத்தூரில் டேட்டா சென்டர்களும் நிற்கின்றன. ஜப்பானைச் சேர்ந்த என்.டி.டி. நிறுவனம் 2023-இல் இங்கே தனது டேட்டா சென்டர் வளாகத்தைத் திறந்தது.

அதே ஏற்பாட்டை நமது சொந்தக் குடோனில், நமக்காக மட்டும் சிறிய அளவில் செய்துகொள்வதே சொந்த கிளவுட். ஒன்றிரண்டு நல்ல கம்ப்யூட்டர்களை வாங்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனி வேலைக்காகப் பல "உள் கம்ப்யூட்டர்களை" உண்டாக்குகிறார்கள். ஒரு பெரிய குடோனைத் தடுப்புப் போட்டு நான்கு பேருக்கு வாடகைக்கு விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பூட்டு, தனிக் கதவு எண்.

ஒரே ஒரு மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு இது தேவையே இல்லை. மாத வாடகைக்குக் கிடைக்கும் பில்லிங் மென்பொருளே அவருக்குப் போதும். இரண்டு மூன்று இடங்களில் வியாபாரம் செய்பவர், கேமராப் பதிவுகளை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டியவர், இன்டர்நெட் நின்றாலும் குடோனில் பில் நிற்கக் கூடாது என்று நினைப்பவர் ஆகியோர் மட்டும் இதைப் பற்றி யோசிக்கலாம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஒரு நிதியாண்டின் கணக்குப் புத்தகங்களை அதன் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். சொந்த கிளவுட் வைத்தால் அந்தப் பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது என்பதை மறக்கக் கூடாது.

முதல் தவறு: எல்லா இடத்திலும் ஒரே எண்

கடைக்கு வரும் ரவுட்டர்களில் பெரும்பாலானவை கம்பெனியிலிருந்து வரும்போதே 192.168.0 அல்லது 192.168.1 என்ற எண்ணோடுதான் வருகின்றன. ஒரே கடையாக இருக்கும் வரை இதில் குற்றமில்லை. ஆனால் அம்பத்தூர்க் கடையையும் பூந்தமல்லிக் குடோனையும் இணைக்க முற்படும்போது சிக்கல் எழுகிறது.

அம்பத்தூர்க் கடையும் 192.168.1, பூந்தமல்லிக் குடோனும் 192.168.1 என்று வைத்துக்கொள்வோம். கடையில் உள்ள கம்ப்யூட்டர் குடோனில் இருக்கும் 192.168.1.20-ஐத் தேடுகிறது. எண்ணின் முன்பகுதி தன் ஊராகவே இருப்பதால், அது இங்கேதான் இருக்கிறது என்று நினைத்துக் கடைக்குள்ளேயே தேடும். ரவுட்டரிடம் கொடுக்கவே கொடுக்காது. எவ்வளவு விலை உயர்ந்த இணைப்பு வாங்கினாலும் பயனில்லை. கடைசியில் ஏதாவது ஓர் இடத்தின் எண்கள் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். பிரிண்டர், கேமரா, எடை மெஷின் என்று ஒவ்வொன்றிலும் போய் மாற்ற வேண்டும். வியாபாரம் நடக்கும் இடத்தில் அது எத்தனை சிரமம் என்று சொல்லத் தேவையில்லை. ஆகையால் முதல் நாளே திட்டம் போடுவது நல்லது.

பின்கோடு வைத்து ஒரு திட்டம்

மறக்க முடியாத ஒரு முறை இருக்கிறது. 10 என்று தொடங்கும் எண்களை எடுத்துக்கொண்டு, இரண்டாவது எண்ணாகப் பின்கோடின் கடைசி இரண்டு இலக்கங்களைப் போடுங்கள்.

அம்பத்தூர்க் கடை (600053): 10.53
ஆவடிக் கிளை (600054): 10.54
பூந்தமல்லிக் குடோன் (600056): 10.56

ஒரே பின்கோடில் இரண்டாவது கடை திறந்தால் 100 சேர்த்துக்கொள்ளலாம். அதாவது 10.153. எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் எந்த ஊர் என்று கடைப் பையனுக்குக்கூடத் தெரியும்.

மூன்றாவது எண் எந்தப் பிரிவு என்பதைக் காட்டட்டும். எல்லா ஊரிலும் ஒரே விதம்:

1: பராமரிப்பு (ரவுட்டர், சுவிட்ச், கிளவுட் பெட்டிகள், யு.பி.எஸ்.)
5: கிளவுட்டின் உள் கம்ப்யூட்டர்கள்
10: பில் கவுண்டர், பிரிண்டர், எடை மெஷின்
20: கேமராக்கள்
30: வாடிக்கையாளர் வைஃபை, ஊழியர்களின் போன்கள்

நான்காவது எண் குறிப்பிட்ட பொருள். இதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். 1 எப்போதும் ரவுட்டருக்கு. 2 முதல் 99 வரை நாமே நிலையாகக் கொடுப்பது. 100 முதல் 199 வரை ரவுட்டர் தானாகக் கொடுப்பது. 200-க்கு மேல் பிற்காலத் தேவைக்கு.

இந்தக் கணக்குப்படி 10.54.10.21 என்றால், ஆவடிக் கிளை, பில் பிரிவு, நாமாகக் கொடுத்த எண், 21-ஆவது பொருள் என்று படித்துவிடலாம்.

172 என்று தொடங்கும் தொகுதியையும் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் கிளவுட் பெட்டிகளில் ஓடும் சில மென்பொருள்கள் 172.17 என்று தொடங்கும் எண்களைத் தம் உள்வேலைக்குத் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. வீண் மோதல் எதற்கு? 10 போதும், அதில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் இருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூன்றாவது எண்ணை மாற்றினால் மட்டும் பிரிவுகளுக்கு இடையே சுவர் எழும்பிவிடாது. ஒரே சுவிட்சில் எல்லா வயரும் இருந்தால் கெட்டிக்காரன் ஒருவன் எண்ணை மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். பிரிவுகளை உண்மையாகவே பிரித்து வைக்கும் வசதிக்கு வி.லேன் என்று பெயர். அந்த வசதி உள்ள சுவிட்சையும் ரவுட்டரையும் கேட்டு வாங்க வேண்டும். வாடிக்கையாளர் வைஃபையிலிருந்து கணக்குக் கம்ப்யூட்டரை எட்ட முடியக் கூடாது என்று ரவுட்டரில் கட்டளை எழுதச் சொல்ல வேண்டும். குறைந்தது இந்த ஒன்றையாவது செய்யுங்கள்.

வாங்குவது இரண்டு பெட்டி, தேவை பதினொரு எண்

சொந்த கிளவுட் வைக்கும்போது எண்களைக் குறைவாகக் கணக்கிடுவதே பலரும் செய்யும் தவறு. பூந்தமல்லிக் குடோனில் இரண்டு பெட்டிகள் வைப்பதாகக் கொள்வோம்.

பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்: 10.56.1.11, 10.56.1.12.

நல்ல தரமான பெட்டிகளில், தூரத்திலிருந்தே மெஷினை நிறுத்தி இயக்குவதற்குத் தனி வாசல் ஒன்று இருக்கும். அவற்றுக்கும் எண் வேண்டும்: 10.56.1.21, 10.56.1.22. இந்த வாசல் கையில் கிடைத்தவனுக்கு முழு மெஷினும் கிடைத்தது போலத்தான். ஆகவே இது பராமரிப்புப் பிரிவை விட்டு வெளியே தெரியவே கூடாது.

உள்ளே நான்கு கம்ப்யூட்டர்கள். கணக்கு 10.56.5.11, சரக்கு இருப்பு 10.56.5.12, கேமராப் பதிவு 10.56.5.13, நகல் எடுப்பது 10.56.5.14.

இத்துடன் ரவுட்டர், சுவிட்ச், யு.பி.எஸ். மூன்றும் சேர்ந்தால் பதினொன்று ஆகிவிட்டது. இன்னும் கேமராவும் பிரிண்டரும் கணக்கில் வரவில்லை.

உள் கம்ப்யூட்டர் ஒன்று முதல் பெட்டியிலிருந்து இரண்டாம் பெட்டிக்கு மாறினாலும் அதன் எண் மாறக் கூடாது. முதல் பெட்டி பழுதானால் கணக்குக் கம்ப்யூட்டரை இரண்டாம் பெட்டியில் எழுப்புவார்கள். அப்போதும் அது 10.56.5.11 ஆகவே இருந்தால்தான் கவுண்டரில் இருப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல் வேலை நடக்கும். இரண்டு பெட்டிகளையும் ஒரே பிரிவில் இணைக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

நிலையான எண்ணும் டோக்கன் எண்ணும்

எண்ணைக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாமே ஒவ்வொரு பொருளிலும் போய் எழுதி வைப்பது. இது சொந்த வீட்டுக் கதவு எண் போன்றது. மற்றொன்று, ரவுட்டர் தானாகக் கொடுப்பது. இதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். வங்கியில் டோக்கன் கொடுப்பது போன்றது. இன்று 104 கிடைக்கும், அடுத்த வாரம் 117 கிடைக்கலாம்.

போன், லேப்டாப் ஆகியவற்றுக்கு டோக்கன் முறையே சரி. பிறர் தேடி வர வேண்டிய பொருள்களுக்கு, அதாவது பில் பிரிண்டர், எடை மெஷின், கேமராப் பெட்டி, கணக்குக் கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு நிலையான எண் வேண்டும். இவ்விரண்டு வகை எண்களும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. எங்கள் கடைத் தீபாவளிக் கதை போன்றவை, யார் எந்த எண்ணை எடுத்தார்கள் என்று குறித்து வைக்காததால்தான் வருகின்றன.

இதில் நடுத்தர வழியும் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் வண்டியின் சேசிஸ் நம்பர் போல மேக் முகவரி என்ற எண் இருக்கும். பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பார்கள். "இந்த மேக் முகவரி வந்தால் இந்த எண்ணையே கொடு" என்று ரவுட்டரில் எழுதி வைக்கலாம். எல்லா எண்களும் ஒரே இடத்தில் பதிவாகிவிடுவதால் சிறு கடைகளுக்கு இதுவே வசதியானது.

இன்னொன்று. ஒரு கடையில் டோக்கன் கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். சிக்னல் போதவில்லை என்று வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரை யாராவது கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள். அதுவும் தன் பங்குக்கு டோக்கன் கொடுக்கத் தொடங்கும். பாதிக் கம்ப்யூட்டர்கள் ஓர் ஊரிலும் பாதி வேறு ஊரிலும் போய் நிற்கும்.

எண்ணுக்குப் பதில் பெயர்

கவுண்டர்க் கம்ப்யூட்டர்களில் 10.56.5.11 என்று எண்ணை எழுதி வைப்பதைவிட "கணக்கு" என்பது போன்ற பெயரை எழுதி வைப்பது மேல். பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் வேலையை ரவுட்டரோ கிளவுட்டில் உள்ள ஒரு சிறு மென்பொருளோ செய்யும். இதற்கு டி.என்.எஸ். என்று பெயர். நம் போனில் நம்பரை நினைவில் வைக்காமல் பெயரைத் தட்டுவது போன்றது. என்றாவது ஒரு நாள் எண் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். பத்துக் கவுண்டரிலும் திருத்த வேண்டியதில்லை.

கிளைகளை இணைக்கும் பாதை

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக் குடோனுக்கு எப்படிப் போவது? இரண்டு ரவுட்டர்களுக்கும் இடையே வி.பி.என். என்ற மூடிய பாதையைப் போட வேண்டும். "10.56 என்று தொடங்குவதெல்லாம் பூந்தமல்லிக்கு" என்று ஒரே வரியில் ரவுட்டருக்குச் சொல்லிவிடலாம். பின்கோடு முறையில் எண் கொடுத்ததன் பயன் இங்கே தெரியும்.

ஆனால் ஒரு தடை உண்டு. வெளி எண்கள் தட்டுப்பாடாகிவிட்டதால், இணைப்புத் தரும் கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. ரவுட்டரில் வெளி எண் என்று காட்டும் இடத்தில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது தொடங்கினால் நீங்களும் அப்படித்தான் இருக்கிறீர்கள். இந்தத் தொகுதி 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. இந்நிலையில் வெளியிலிருந்து யாரும் உங்கள் ரவுட்டரை நேராகக் கூப்பிட முடியாது. ஆகவே குடோனுக்கு மட்டுமாவது தனிக் கட்டணம் செலுத்தி நிலையான வெளி எண் வாங்க வேண்டும். மற்றக் கிளைகள் அங்கே வந்து சேரலாம். அது கிடைக்காவிட்டால், வெளியே வாடகைக்கு ஒரு சிறிய கம்ப்யூட்டர் எடுத்து, எல்லாக் கிளைகளும் அதில் சந்திக்கும்படி செய்யலாம்.

இந்த எண் பற்றாக்குறைக்கு நிரந்தரத் தீர்வாக ஐ.பி.வி.6 என்ற நீளமான முகவரி முறை வந்திருக்கிறது. நம் நாட்டில் செல்போன் இணைப்புகள் பெருமளவு அதற்கு மாறிவிட்டன. ஆயினும் கடைகளில் உள்ள பிரிண்டர், எடை மெஷின் போன்றவை பழைய முறையிலேயே ஓடுவதால், இன்னும் பல காலத்திற்கு நான்கு எண் முறை நம்மோடு இருக்கும். ரவுட்டர் வாங்கும்போது இரண்டுக்கும் ஏற்றதாக வாங்குவது நல்லது.

வாசலைத் திறந்து வைக்காதீர்கள்

வீட்டிலிருந்தே போனில் கேமரா பார்க்க வேண்டும் என்று நாம் கேட்போம். வேலை செய்ய வந்தவர் சுலபமான வழியாக ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிட்டுப் போவார். இதற்கு போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். நாம் நுழையும் அதே வாசலில் உலகமே நுழைய முயற்சி செய்யும்.

2016-இல் மிராய் என்ற தீய மென்பொருள் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது. கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்ததே அதற்கு வழியாயிற்று. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்ற மென்பொருள், மைக்ரோசாஃப்ட் கம்பெனி திருத்தம் வெளியிட்ட பின்பும் அதைப் போடாத கம்ப்யூட்டர்களில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளே தப்பவில்லை. நமது பற்று வரவுப் பேரேடு அப்படிப் பூட்டப்பட்டால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

ஆகவே கணக்குக் கம்ப்யூட்டருக்கும் பராமரிப்புப் பிரிவுக்கும் வெளியிலிருந்து நேர் வாசல் வைக்கவே கூடாது. போனில் பார்க்க வேண்டுமானாலும் வி.பி.என். வழியாகவே வர வேண்டும். எல்லாப் பொருளிலும் கம்பெனி பாஸ்வேர்டை முதல் நாளே மாற்ற வேண்டும். பணமோசடி ஏதேனும் நடந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

தகராறு வந்தால் நாமே பார்க்கக்கூடியவை

ஆள் வருவதற்குள் சில விஷயங்களை நாமே பார்த்துவிடலாம்.

கம்ப்யூட்டரின் எண் 169.254 என்று தொடங்கினால், அதற்கு டோக்கன் கிடைக்கவில்லை என்று பொருள். வயரையும் ரவுட்டரையும் பாருங்கள்.

எண்ணின் முன்பகுதி தாளில் உள்ளபடி இல்லாமல் வேறாக இருந்தால், வேறு யாரோ டோக்கன் கொடுக்கிறார்கள். புதிதாக மாட்டிய ரவுட்டர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைக்குள் பில் வருகிறது, வெளியே மட்டும் போகவில்லை என்றால் கேட்வே தவறாக இருக்கலாம், அல்லது இணைப்பே நின்றிருக்கலாம்.

எண்ணைப் போட்டால் போகிறது, பெயரைப் போட்டால் போகவில்லை என்றால் டி.என்.எஸ். கோளாறு.

ஒரு பொருள் விட்டுவிட்டு வேலை செய்தால், ஒரே எண் இரண்டு பொருளுக்கு இருக்கக்கூடும். சந்தேகப்படும் பொருளை அணைத்துவிட்டு, அதன் எண்ணைப் பிங் செய்து பாருங்கள். அப்போதும் பதில் வந்தால், அந்த எண்ணில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு தாள், ஒரு நகல், ஓர் ஒத்திகை

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும் சென்னைப் பகுதிக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். சொந்த கிளவுட் வைப்பவர்கள் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். கணக்கின் நகல் தினமும் வேறு கிளைக்குப் போய்ச் சேரட்டும். பூந்தமல்லியில் பெட்டி நனைந்துவிட்டால் ஆவடியில் அந்த நகலை எழுப்ப வேண்டும். அங்கே அதற்கு 10.54.5.11 என்ற எண்ணை இப்போதே ஒதுக்கி வையுங்கள். "கணக்கு" என்ற பெயரை அந்த எண்ணுக்குத் திருப்பிவிட்டால் கவுண்டர்கள் மறுபடி ஓடும். பெயரை எண்ணாக்கும் மென்பொருள் பூந்தமல்லியில் மட்டும் இருந்தால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். ஆவடியிலும் ஒன்று இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து பாருங்கள். செய்து பார்க்காத நகல் இருந்தும் இல்லாதது போலத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த ஒரு தாள். பொருளின் பெயர், இருக்கும் இடம், ஐ.பி. எண், மேக் முகவரி, யார் எந்தத் தேதியில் கொடுத்தது என்ற ஐந்து கட்டங்கள் போதும். பாஸ்வேர்டுகளை இந்தத் தாளில் எழுதாமல் தனியே பூட்டி வையுங்கள். தாளின் ஒரு பிரதி கல்லாவிலும், ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும். புதிய பொருள் பொருத்த யார் வந்தாலும், தாளைப் பார்த்துக் காலியான எண்ணைக் கொடுத்து, தாளில் எழுதிய பிறகே கூலியைக் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை திறமையானவர் என்பதற்காகச் சாவியை முழுவதும் அவரிடமே விட்டுவிட்டு நம் முன்னோர்கள் வியாபாரம் செய்ததில்லை. பேரேட்டைத் தாமும் புரட்டிப் பார்க்கத் தெரிந்து வைத்திருந்தார்கள். வயர் இழுப்பதும் மெஷின் பொருத்துவதும் தெரிந்தவர்கள் செய்யட்டும். நம் கடையில் எந்த எண்ணில் எது இருக்கிறது என்பது மட்டும் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வாரம் கடை மூடிய பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, அந்தத் தாளை எழுதத் தொடங்குங்கள்.